நீதிபதி கிருஷ்ணய்யரைப் படிப்பது எப்படி: என் ஜூனியர்களுக்குச் சொல்லித் தரும் முறை

என்னிடம் ஜூனியராகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதமே ஒரு வேலை கொடுத்துவிடுவேன். வி.ஆர். கிருஷ்ணய்யரின் வாழ்க்கையைப் பதினைந்து பக்கத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். இருபத்தெட்டு வருடமாக விசாரணை நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன். பயிற்சிக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. வக்கீலாக இருந்து, சட்டமன்றத்துக்குப் போய், அமைச்சராகி, அப்புறம் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் கண்ட ஒரு மனிதரைப் படித்தால் சட்டத்தை மூன்று பக்கமிருந்தும் பார்த்தது போல.

முதல் முறை எல்லோரும் ஒரே மாதிரிதான் கொண்டுவருகிறார்கள். பாலக்காட்டுப் பக்கம் பிறந்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தார், அமைச்சரானார், நீதிபதியானார், இந்திரா காந்தி வழக்கில் தடை கொடுத்தார், பத்ம விபூஷண் வாங்கினார், 2014இல் காலமானார். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து பக்கத்தைப் படித்த பிறகும் அந்த மனிதர் ஏன் அப்படித் தீர்ப்பு எழுதினார் என்று புரிவதில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, கீழே இருப்பதைச் சொல்லித் தருவேன்.

ஒரு நோட்டு, மூன்று கட்டம்

நீளமான நோட்டு ஒன்றை எடுத்து, பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரியுங்கள். முதல் கட்டம் வக்கீல், இரண்டாவது அரசியல், மூன்றாவது நீதிபதி. இடது ஓரத்தில் வருடங்கள். கிடைக்கும் ஒவ்வொரு தகவலையும் அதனதன் கட்டத்தில் போடுங்கள். எழுத ஆரம்பிக்கும் முன்பே பாதி விஷயம் இந்த நோட்டில் தெரிந்துவிடும்.

வக்கீல் கட்டத்தில் முதலில் வருவது தலச்சேரி. அப்பாவும் வக்கீல். 1930களின் கடைசியில் அங்கே தொழிலுக்கு வருகிறார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். குத்தகை விவசாயிகளுக்கும், தொழிலாளர்களுக்கும், கம்யூனிஸ்டுகளுக்கும் வாதாடுகிறார். 1948இல் அதே காரணத்துக்காக அவரையே பிடித்துச் சிறையில் வைக்கிறார்கள். கட்சிக்காரரைப் பார்க்க ஜெயிலுக்குப் போகும் வக்கீல் உள்ளேயே இருந்து பார்த்துவிட்டு வருகிறார். இந்த வரிக்குச் சிவப்பு மையில் கோடு போடுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அரசியல் கட்டம் 1952இல் திறக்கிறது. கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்கு வருகிறார். ராஜாஜி முதலமைச்சர், இவர் எதிர்வரிசை. 1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிந்து மலபார் கேரளத்துக்குப் போகிறது. 1957இல் தலச்சேரியிலிருந்து கம்யூனிஸ்ட் ஆதரவு பெற்ற சுயேச்சையாக ஜெயித்து, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைத்த பதினொரு பேர் அமைச்சரவையில் இடம்பெறுகிறார். சட்டம், மின்சாரம், நீர்ப்பாசனம், சிறை எல்லாம் அவர் கையில் இருந்தன. பல பேர் கட்டுரையில் 'சட்ட அமைச்சர்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். சிறைத்துறையை விட்டுவிட்டால் ஆளையே விட்ட மாதிரி. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்தது.

1960இல் அதே தலச்சேரியில் சொற்ப வாக்கில் தோற்றதாக அறிவிக்கிறார்கள். தேர்தல் வழக்குப் போட்டு அந்த இடத்தை வாங்குகிறார். இதற்கும் சிவப்புக் கோடு.

நீதிபதி கட்டம் சிறியது. 1968இல் கேரள உயர் நீதிமன்றம். 1971இலிருந்து சட்ட ஆணையத்தில் உறுப்பினர். 1973 ஜூலையில் உச்ச நீதிமன்றம். 1980 நவம்பரில் ஓய்வு. உச்ச நீதிமன்றத்தில் இருந்தது ஏழு வருடம் சொச்சம்தான்.

தேதிகளைச் சரிபார்க்க ஒரு சின்ன வழி. அவர் இறந்தபோது சில செய்திகளில் நூறு வயது என்று போட்டார்கள், சிலவற்றில் தொண்ணூற்றொன்பது. உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது 65. 1980 நவம்பர் நடுவில் ஓய்வு பெற்றார் என்றால் அலுவல் பதிவின்படி பிறந்தது 1915 நவம்பர். அப்படியானால் 2014 டிசம்பர் 4 அன்று அவருக்குத் தொண்ணூற்றொன்பது முடிந்து நூறாவது ஓடிக்கொண்டிருந்தது. எந்த நீதிபதியைப் பற்றி எழுதினாலும் ஓய்வுத் தேதியிலிருந்து இப்படிப் பின்னால் எண்ணிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று கட்டத்தையும் கடந்து போங்கள்

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதுதான். வருட வரிசையில் எழுதாதீர்கள். ஒரு பொருளை எடுங்கள். அது அவர் கையில் வக்கீலாக என்ன ஆயிற்று, அமைச்சராக என்ன ஆயிற்று, நீதிபதியாக என்ன ஆயிற்று என்று மட்டும் பாருங்கள். மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு நூலில் வந்துவிடும்.

சிறையை எடுத்துக்கொள்வோம். 1948இல் கைதி. 1957இல் அதே துறைக்கு அமைச்சர். 1978 ஆகஸ்ட் மாதத்தைத் திறந்து பாருங்கள், நான் சொல்வது விளங்கும். 17ஆம் தேதி ஹாஸ்காட் வழக்கு: தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வசதியில்லாதவருக்கு வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்கிறார். 24ஆம் தேதி மோத்தி ராம் வழக்கு: ஏழைக்குக் கட்டுப்படியாகாத ஜாமீன் ஜாமீனே இல்லை என்கிறார். 30ஆம் தேதி சுனில் பத்ரா வழக்கு: திகார் சிறையில் தூக்குத் தண்டனைக் கைதியைத் தனிக் கொட்டடியில் போட்டது, இன்னொரு விசாரணைக் கைதிக்கு மாதக்கணக்கில் இரவும் பகலும் இரும்பு விலங்கு மாட்டியது இரண்டும் கேள்விக்கு வருகின்றன. ஐந்து நீதிபதிகள் அமர்வு அது. மற்றவர்களுக்காக நீதிபதி டி.ஏ. தேசாய் எழுதினார், கிருஷ்ணய்யர் தனியாக எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தேசாயின் தீர்ப்பு பிரிவுகளைப் பொறுமையாக எடுத்துப் பிரித்துக் காட்டும். கிருஷ்ணய்யரின் தீர்ப்பில் சிறையின் இருட்டும் வார்டர்களும் உள்ளிருந்து தெரிவார்கள். ஜெயில் நிர்வாகம் எங்கே பொய் சொல்லும் என்று தெரிந்த ஒருவர் எழுதிய தீர்ப்பு அது.

மறுவருடமே அதே சுனில் பத்ரா சிறையிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். பக்கத்துக் கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்தார் என்று அதில் இருந்தது. முத்திரை இல்லை, வக்காலத்து இல்லை, வெறும் கடிதம். அதையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள். 1980இல் கைவிலங்கு வழக்கு. அதுவும் ஒரு கைதி கொடுத்த தந்தியில் தொடங்கியது. இன்று நம் கட்சிக்காரரை விலங்கோடு அழைத்து வந்தால் எழுந்து நின்று ஆட்சேபிக்கிறோமே, அதற்கு அடிப்படை அதுதான்.

அடுத்தது தேர்தல். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாது என்றார். உச்ச நீதிமன்றம் அப்போது கோடை விடுமுறையில் இருந்தது. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். அப்போதைய சட்ட அமைச்சர் எச்.ஆர். கோகலே நேரில் பார்க்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டபோது, மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள், பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னதைக் கிருஷ்ணய்யரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். பிரதமர் தரப்பில் வக்கீல் பால்கிவாலா, அந்தத் தேர்தலில் தோற்று வழக்குப் போட்ட ராஜ் நாராயண் தரப்பில் சாந்தி பூஷண். முழுத் தடை வேண்டும் என்று பால்கிவாலா கேட்டார். ஜூன் 24 அன்று வந்தது நிபந்தனைத் தடை: பிரதமராகத் தொடரலாம், அவைக்கு வரலாம், பேசலாம், உறுப்பினராக வாக்களிக்கவோ உறுப்பினருக்கான சம்பளம் வாங்கவோ கூடாது. மறுநாள் இரவு நெருக்கடி நிலை அறிவித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் ஜூனியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தைரியமான உத்தரவு என்று ஒரு பக்கம். முழுசாக மறுத்திருக்க வேண்டும் என்று இன்னொரு பக்கம். சண்டை போடும் முன் நோட்டில் 1960ஐப் பாருங்கள் என்பேன். தேர்தல் வழக்கில் ஒரு எம்.எல்.ஏ. இடம் கைமாறுவதைத் தன் சொந்த வழக்கிலேயே பார்த்தவர் அவர். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது உறுப்பினருக்கு எந்த அளவு தடை கொடுப்பது வழக்கம் என்பதை அந்த உத்தரவில் முன்னுதாரணங்களோடு சொல்கிறார். பிரதமர் என்பதற்காகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் அபிப்பிராயத்தில் அந்த உத்தரவின் பலம் அந்தச் சாதாரணத் தன்மைதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. '1960இல் வழக்குப் போட்டார், அதனால் 1975இல் இப்படித் தீர்ப்புச் சொன்னார்' என்று எழுதக் கூடாது. அவர் வாயால் சொல்லாத காரணத்தை நாம் அவர் தலையில் ஏற்றக் கூடாது. 'அதனால்' என்ற சொல்லை எழுதும் ஒவ்வொரு இடத்திலும் ஆதாரம் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் 'அதற்குப் பின்' என்று மாற்றுங்கள். நீதிமன்றத்தில் சாட்சியை விசாரிக்கும்போதும் இதே வித்தியாசம்தான் வழக்கைக் காப்பாற்றும்.

மூன்றாவது நூல் ஆளுநர். இது தமிழ்நாடு வரைக்கும் நீள்கிறது. 1959இல் அவர் இருந்த அமைச்சரவையை ஆளுநரின் அறிக்கையை வைத்துத்தான் கலைத்தார்கள். 1974இல் ஷம்ஷேர் சிங் வழக்கு வருகிறது. பஞ்சாபில் வேலை போன இரண்டு கீழமை நீதிபதிகளின் வழக்கு. ஏழு நீதிபதிகள் அமர்வு. குடியரசுத் தலைவரும் ஆளுநரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும், விதிவிலக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று நீதிபதி பகவதியோடு சேர்ந்து தனியாக எழுதினார் கிருஷ்ணய்யர். 1980 நவம்பர் 11, ஓய்வு பெற மூன்று நாள் இருக்கும்போது, மாரு ராம் தீர்ப்பு. தண்டனைக் குறைப்பிலும் ஆளுநர் அரசின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவரே என்றார். அந்தத் தீர்ப்பை 2022 மே 18 அன்று பேரறிவாளன் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக் கையாண்டது. பேரறிவாளனின் தூக்கைக் குறைக்கச் சொல்லி வயதான காலத்தில் குரல் கொடுத்தவர்களில் கிருஷ்ணய்யரும் ஒருவர். அவர் இறந்து ஏழு வருடத்துக்கு மேல் ஆன பிறகு அவர் எழுதிய வரிகள் அந்த வழக்கில் வந்து நின்றன. இதை முதல் தடவை கோத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இலவச சட்ட உதவியும் இப்படித்தான். 1973இல் அவர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது, 1976இல் அரசியல் சட்டத்தில் 39ஏ பிரிவு வந்தது, 1987இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வந்தது. இந்த நூலை நீங்களே பிடித்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

தீர்ப்பைப் படிக்கும் விதம்

"மேடம், அவர் இங்கிலீஷ் சத்தியமா புரியல" என்று வராத ஜூனியர் கிடையாது. உண்மைதான். வாக்கியங்கள் நீளம். அகராதியில் தேட வேண்டிய சொற்கள் பக்கத்துக்கு நாலு. அதற்காகத் தீர்ப்பின் தலையில் போட்டிருக்கும் சுருக்கமான மேல் குறிப்பை மட்டும் படித்துவிட்டு வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் வழக்கின் சம்பவத்தை மட்டும் படியுங்கள். யார், எங்கே, என்ன நடந்தது என்று ஐந்து வரியில் தமிழில் எழுதுங்கள். அப்புறம் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் என்ன உத்தரவு போட்டார் என்று பாருங்கள். அதையும் இரண்டு வரி. இப்போது இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் படித்தால், எந்த வாக்கியம் முடிவைத் தாங்கி நிற்கிறது, எது உணர்ச்சி வேகத்தில் வந்தது என்று தானாகவே பிரிந்து தெரியும். தாங்கி நிற்பதற்குப் பென்சிலில் கோடு. உணர்ச்சியில் வந்ததையும் தள்ளிவிடாதீர்கள். ஆளைத் தெரிந்துகொள்ள அது வேண்டும், வாதத்துக்கு மட்டும் வேண்டாம்.

தீர்ப்பு எல்லாம் இப்போது உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2023க்கு முன் ஒரு தொகுதியைப் பார்க்க சீனியரின் அலமாரிச் சாவிக்காகக் காத்திருந்தவள் நான். பழைய தேர்தல் முடிவுகள் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் 1951-52இலிருந்தே இருக்கின்றன. அமைச்சராகப் பேசியதைக் கேரள சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் தேடுங்கள். நினைவுக் கட்டுரைகளை எல்லாம் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் அவற்றின் பாராட்டு வார்த்தைகள் உங்கள் பேனாவில் ஒட்டிக்கொள்ளும்.

எதிர்த்தவர்களையும் எழுதுங்கள்

கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர் உச்ச நீதிமன்றத்துக்கு வருவதா என்று 1973இல் மும்பை வழக்கறிஞர்கள் சிலர் எதிர்த்தார்கள். காலத்தைப் பாருங்கள்: அதே வருடம் ஏப்ரலில்தான் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியிருந்தார்கள். நீதிமன்றத்தை அரசு தன் பக்கம் இழுக்கிறது என்ற பயம் நியாயமானது. அரசியலிலிருந்து நீதிபதியாக வந்த யாரைப் பற்றி எழுதினாலும் ஒரு கேள்வியைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: தன்னை நியமித்த அரசுக்கு எதிராக எப்போதாவது தீர்ப்புச் சொன்னாரா? கிருஷ்ணய்யர் விஷயத்தில் 1975 ஜூன் 24ஐ வைத்துப் பதில் எழுதலாம்.

தவறாகப் போன இடங்களும் உண்டு. கொலைக்குத் தூக்கு விதிப்பதை மிகவும் சுருக்க வேண்டும் என்று 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில் எழுதினார். மறுவருடமே பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை அந்த வரையறையை ஏற்கவில்லை. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில், தொழில் தகராறு சட்டத்தில் வரும் 'தொழில்' என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விரிந்த பொருளைப் பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. தனியார் சொத்தும் சமூகத்தின் பொருள்வளத்தில் அடங்கும் என்ற அவருடைய 1977ஆம் வருடக் கருத்தை, 2024 நவம்பர் 5 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை ஏற்க மறுத்தது. அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவரைப் பற்றி வந்த வார்த்தைகளை அதே அமர்வில் இருந்த நீதிபதிகள் நாகரத்னாவும் துலியாவும் ஆட்சேபித்தார்கள். மூன்று தீர்ப்பையும் படித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். என்றாலும் இந்தப் பகுதி இல்லாத கட்டுரையை நான் வாங்குவதில்லை.

1987ஐயும் விட்டுவிடாதீர்கள். எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். வெங்கட்ராமனும் வக்கீல்தான், தஞ்சைப் பக்கத்துக்காரர். 1957இல் இவர் திருவனந்தபுரத்தில் அமைச்சராக இருந்தபோது அவர் சென்னையில் காமராஜர் அமைச்சரவையில் இருந்தார். இரண்டு பேரின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அது தனிக் கட்டுரை.

எழுதி முடித்ததும்

படித்த தீர்ப்புகளில் ஒன்றையாவது கோர்ட்டில் எடுத்து வைக்க வேண்டும். அதுவரை பயிற்சி முடிந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை. பெரும்பாலும் மோத்தி ராமைக் கொடுத்து அனுப்புவேன். தீர்ப்புத் தொகுதியில் தேட வேண்டிய இடம் ஏ.ஐ.ஆர். 1978 எஸ்.சி. 1594. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் பிணை தர வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். உத்தரவு கையில் இருந்தும் ஆள் உள்ளேயே கிடந்தார். கிருஷ்ணய்யர் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஒரு மலையாளியோ தமிழரோ கன்னடரோ பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால் உள்ளூர் பிணைதாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்கிறார்.

சில வருடம் முன்பு ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒரு பையனுக்கு ஜாமீன் உத்தரவு வாங்கியும் பதினெட்டு நாள் வெளியே எடுக்க முடியவில்லை. இரண்டு உள்ளூர் பிணைதாரர், வீட்டு வரி ரசீது, வி.ஏ.ஓ. சான்று என்று கேட்டார்கள். மேஸ்திரி கழன்றுகொண்டார். ஊரிலிருந்து வந்த அவன் அண்ணனிடம் ஆதார் அட்டையும் அரை ஏக்கர் நிலத்துக்கு ஒடியா மொழியில் ஒரு காகிதமும் இருந்தன. அது செல்லாது என்றார்கள். அன்று என்னோடு இருந்த ஜூனியர் பெண், கட்டுரைக்காக நாலு தடவை திருப்பி எழுதியவள். கோர்ட் ஹால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி ஒரு மனு எழுதினாள். சம்பவம் ஐந்து வரி, கேட்பது இரண்டு வரி, நடுவில் மோத்தி ராமில் அவள் பென்சில் கோடு போட்ட பத்தி. 'பஸ்தர்' என்ற இடத்தில் எங்கள் ஊர் பெயரையும், 'தமிழர்' என்ற இடத்தில் 'ஒடியர்' என்றும் வைத்து வாசித்தாள். நீதிபதி நகலை வாங்கி அந்தப் பத்தியைத் தானே படித்துப் பார்த்தார். அண்ணனின் பிணையும் சொந்தப் பிணையும் போதும் என்று உத்தரவு வந்தது. சாயங்காலம் ஆறரை மணிக்குப் பையன் வெளியே வந்தான்.